அரைப் பேர்

அட்டன் கூட்டுறவு மண்டபத்து மாடியில்
இரண்டு அட்டைப் பெட்டிகள்.
பிஸ்கட் கம்பனிப் பெயரின் மேல்
நானே மார்க்கரில் எழுதினேன்:
சிறுவர்.
இளையோர்.
பன்னிரண்டு முடியும்வரை முதலாவது,
பதின்மூன்று தொடங்கினால் இரண்டாவது.
விதிக்கோவையில் அவ்வளவுதான்.
நடுவர் மூவர், பிளேன்டீ மூன்று,
ஜன்னலில் விடாத மழை.

அறுபத்தொரு புத்தகங்கள்
சமர்த்தாகப் போய் உட்கார்ந்தன.
பேசும் குரங்கு இடப்பக்கம்,
ஏ.எல். எழுதும் காதல் வலப்பக்கம்.
நாற்பத்து மூன்றாம் இலக்கம் மட்டும்
மேசையிலேயே கிடந்தது.

அட்டையில் ஒரு வெள்ளை முயல்.
உள்ளே ஆறு அத்தியாயம் வரை
அந்தப் பிள்ளைக்கு வயது பன்னிரண்டு.
முயலுக்குப் புல் அறுக்கிறாள்,
தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப்
பள்ளிக்கூடம் ஓடுகிறாள்.
ஏழாவதில் கொழும்பிலிருந்து புரோக்கர் வருகிறான்.
பிறப்புப் பத்திரத்தில்
ஆண்டின் கடைசி இலக்கத்தைத் திருத்துகிறான்.
தாளைத் திருப்பினால்
அவளுக்குப் பதினாறு.

"கதாநாயகிக்கு எத்தனை வயதென்று கொள்வது?"
பூபாலன் சேர் கண்ணாடியைக் கழற்றினார்.
"பத்திரப்படியா, உண்மைப்படியா?"
நளாயினி டீச்சர் சொன்னார்:
செத்துப்போகும் இடம்
சின்னப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள்.
முயலைத்தான் சொன்னார்.

எனக்கு வேறு கணக்கு ஓடியது.
அக்காவுக்குப் பதினான்கில்
செக்ரோலில் பேர் விழுந்தது.
கூடை முழுக்கூடை,
பேர் அரைப் பேர்.
அதே மாதம் நோர்வூட் பஸ்ஸில்
கொண்டக்டர் அவளிடம்
முழு டிக்கட் கேட்டான்.
அவள் அரையா முழுசா என்று
மலையில் ஒருவரும் ரோட்டில் ஒருவரும்
அவரவர் வசதிக்குத் தீர்த்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது.
விதியை மீறி, என் பிரதியை
நூலகத்தில் இரண்டு பேருக்கு
இரவல் கொடுத்திருந்தேன்.
யதுஷிகா, ஆறாம் வகுப்பு,
ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு வந்து நின்றாள்.
"அந்த நம்பர அழிச்சி
பழையபடி எழுத ஏலாதா மிஸ்?"
நிரோஜனுக்குப் பதினெட்டு.
முயல் வெளியே தெரியாமல்
கணக்கீட்டு நோட்ஸ் தாளில் உறை போட்டு வாசித்தான்.
திருப்பித் தரும்போது
ஒன்றும் சொல்லவில்லை,
உறையைக் கழற்றவுமில்லை.

இதை அந்த மேசையில் சொல்லியிருக்கலாம்.
பிரதி வெளியே போனது தெரிந்துவிடும்.
பிளேன்டீயைக் குடித்தேன்.

சிறுவர் பெட்டிக்குப் பாரம் கூட.
இளையோர் பெட்டிக்கு முயல் கூட.
நாலரைக்கு ரயில் பிடிக்க வேண்டும் சேருக்கு.
'எப்பிரிவிலும் அடங்காமையால்' என்று
அவரே அழகாக எழுதினார்.
கீழே மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

மஸ்கெலியாவிலிருந்து ரஞ்சிதமலர்
ஒரு வாரம் கழித்து எடுத்தாள்.
பரிசு ஏன் இல்லை என்று கேட்கவில்லை.
"எந்தப் பக்கத்துல மிஸ் தோத்துச்சி?"
பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன்.
கினிகத்தேனை, கினிகத்தேனை என்று
ஒருவன் தொண்டை கிழியக் கூவினான்.
"கேக்கலம்மா" என்றேன்.
கேட்டது.

இன்று அந்தப் பிரதிக்கு நூலக இலக்கம் போட்டாயிற்று.
முதுகில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்,
சிறுவருக்குப் பச்சை,
இளையோருக்கு மஞ்சள்.
இரண்டு சுருளும் லாச்சியில் இருக்கின்றன.
உறையைக் கழற்றப் போனேன்.
முதுகில், மடிப்பில் பாதி மறைந்து,
நிரோஜன் போட்டுப் பார்த்து
சமப்படாமல் விட்ட
ஓர் ஐந்தொகை.
பென்சிலில் இருக்கிறது.
யதுஷிகா வெளியே குடையை உதறுகிறாள்,
மறுபடி அதே புத்தகத்துக்குத்தான்.